பட்டம் வாங்கியதோடு படிப்புக்கு முழுக்கா?

நம் நாட்டில் ஒரு பையன் பி.ஏ. பரீக்ஷையில் தேறிவிட்டால், அவனது தாய் தகப்பன்மார் ஊராரிடம் சொல்லுகின்ற வார்த்தை, "பையனுக்குப் படிப்பு முடிந்துவிட்டது" என்பதாகும். பெண்ணாயிருந்தால், "படிப்பு முடிந்தது, இனி மாப்பிள்ளை பார்க்க வேண்டியதுதான்" என்பதாகும். தேறாமல் போனாலோ, "படிப்பு ஏறவில்லை" என்று சொல்லி அதோடு ஏதாவது ஒரு வேலையில் கட்டிவிடுகின்றார்கள். ஆகவே தேறினாலும் படிப்பு முடிந்துவிடுகின்றது, தேறாவிட்டாலும் முடிந்துவிடுகின்றது. 21 வயதில் முடிந்துபோகின்ற ஒரு சங்கதி, 70 வயது வரை உயிரோடிருக்கப் போகின்ற மனிதனுக்கு எவ்வளவு காலத்திற்குக் காணும் என்று யாரும் கேட்பதாகக் காணோம்.

சாப்பாட்டை யாரும் 21 வயதோடு முடித்துக் கொள்ளுவதில்லை. அந்த வயதில் தைத்த சட்டையையே ஆயுள் முழுவதும் போட்டுக் கொள்ளுவதுமில்லை. அறிவை மாத்திரம் அந்த வயதில் கட்டுச்சோறாகக் கட்டிக் கொண்டு, சாகும் வரை அதைப் பிரித்துப் பிரித்துத் தின்னலாம் என்று நினைக்கின்றோம். உலகமோ நமக்காகக் காத்திருப்பதில்லை. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பிழைத்து வந்த கம்பாசிட்டர் தோழர்கள் இந்த நாட்டில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். நம் போன்ற பத்திரிகைகளெல்லாம் அவர்களது விரலிலிருந்து வந்தவைதான். கம்ப்யூட்டர் வந்தது, கண் மூடித் திறப்பதற்குள் அந்தத் தொழிலே இல்லாமற் போய்விட்டது. 40 வயதில், கையில் இருந்த தொழில் போய் நடுத்தெருவில் நின்ற அந்த மனிதனை எந்தச் சர்வகலாசாலையாவது கூப்பிட்டு, "வா, உட்கார், புதிதாக வந்திருப்பது இன்னதென்று தெரிந்து கொள்" என்று சொல்லிற்றா? சொல்லவில்லை. ஏனென்றால், அவனுக்கு வயது கடந்துவிட்டது. அவன் முந்திய பரீக்ஷை தேறவில்லை. அவன் பகலில் வரமுடியாது. இந்த மூன்று காரணங்களில் ஒன்றாவது அறிவுக்குச் சம்பந்தப்பட்டதா என்று யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.

இது ஜனங்களுடைய குற்றம் மாத்திரமல்ல. நம்முடைய சர்வகலாசாலைகள் பிறந்த விதமே அப்படிப்பட்டது. 1854-ல் சர் சார்லஸ் வுட் என்பவர் சீமையிலிருந்து கம்பெனி சர்க்காருக்கு அனுப்பிய கல்வித் திட்டத்தில், லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாக வைத்து இந்தியாவிலும் சர்வகலாசாலைகள் ஏற்படுத்த வேண்டுமென்று எழுதினார். அன்றைய லண்டன் சர்வகலாசாலை பாடம் சொல்லிக் கொடுக்கின்ற இடமல்ல. 1836-ல் ஏற்பட்ட அது, வேறு காலேஜுகளில் படித்துவிட்டு வருகின்றவர்களுக்குப் பரீக்ஷை வைத்துப் பட்டம் கொடுக்கின்ற ஒரு காரியாலயம். அதே மாதிரியில் 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. அதாவது, நமக்கு வந்து சேர்ந்தது கல்விச் சாலை அல்ல, தராசுக் கடையாகும். சரக்கு எங்கே விளைந்தது, எப்படி விளைந்தது, மறுபடி விளையுமா என்பதைப் பற்றித் தராசுக்கு என்ன கவலை? நிறுத்தது, முத்திரை போட்டது, அடுத்தவனைக் கூப்பிட்டது. சர்க்காருக்கு வேண்டியிருந்தது குமாஸ்தாவும் முன்சீபும். அதற்கு அந்த முத்திரை போதுமானதாயிருந்தது.

மாதிரி கொடுத்த லண்டன், 1900-ல் தன்னைத் திருத்திக் கொண்டு பாடம் போதிக்கின்ற சர்வகலாசாலையாக மாறிவிட்டது. நாமோ மாமியார் விட்டுவிட்ட நகையை மருமகள் விடாமல் போட்டுக் கொண்டிருப்பது போல் இருக்கின்றோம். கர்சன் பிரபு காலத்தில் 1902-ல் நியமிக்கப்பட்ட கமிஷனே, பரீக்ஷைக்காகப் பாடம் நடக்கின்றதேயொழியப் பாடத்திற்காகப் பரீக்ஷை நடக்கவில்லை, இதுவே இந்நாட்டு உயர்தரக் கல்வியைப் பிடித்த பெரிய கேடு என்று எழுதி வைத்தது. சுயராஜ்யம் வந்த பிறகு 1948-ல் நியமிக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் கமிஷன், சர்வகலாசாலைக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தந்தான் சொல்லலாம் என்றால் அது பரீக்ஷைச் சீர்திருத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1949-ல் கூறிற்று. வெள்ளைக்காரனும் சொன்னான், நம்மவரும் சொன்னார். பிறகு நடந்தது என்னவென்றால், வருஷத்திற்கு ஒரு தரம் இருந்த பரீக்ஷை செமஸ்டர் என்ற பெயரால் இரண்டு தரமாயிற்று!

நிற்க, இந்தப் பரீக்ஷையின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்ப்போம். 3 மணி நேரம். முன்கூட்டித் தெரியாத சில கேள்விகள். கையில் புத்தகம் கூடாது. பக்கத்து மனிதனைக் கேட்கக் கூடாது. வெளியுலகத்தில் எந்தத் தொழிலாவது இந்த நிபந்தனைகளின்படி நடக்கின்றதா? ஒரு டாக்டர் சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டுகின்றார். இன்னொரு டாக்டரைக் கேட்கின்றார். புரட்டாமலும் கேட்காமலும் வைத்தியம் பார்க்கின்ற டாக்டரிடம் நாம் போவோமா? சர்வகலாசாலையில் மாத்திரம் புரட்டுவதும் கேட்பதும் குற்றமாகும். அதனால் பிள்ளைகள் கைடு வாங்குகின்றார்கள், முக்கியக் கேள்வி என்று பத்தைக் குறித்துக் கொள்ளுகின்றார்கள், உருப்போடுகின்றார்கள், ஹாலில் போய்க் கக்கிவிட்டு வருகின்றார்கள். பொருள் தெரியாமல் சொன்னாலும் சரி, சுரம் தப்பக் கூடாது என்று வேத பாடசாலையில் சொல்லி வைத்தார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே புண்ணியம் கிடைக்கும் என்றார்கள். இங்கே மார்க்கு கிடைக்கின்றது. அவ்வளவுதான்.

போகட்டும், நிறுக்கின்ற தராசாவது சரியாக இருக்கின்றதா? சர் பிலிப் ஹார்ட்டாக் என்பவர் டாக்கா சர்வகலாசாலையின் முதல் வைஸ் சான்ஸலராக இருந்தவர். இந்நாட்டுப் பரீக்ஷைகளை நன்றாக அறிந்தவர். அவரும் ரோட்ஸ் என்பவரும் சீமையில் ஒரு சோதனை செய்து 1935-ல் வெளியிட்டார்கள். பள்ளி இறுதிப் பரீக்ஷையில் ஒரே மாதிரியான மார்க்கு வாங்கிய 15 சரித்திர விடைத்தாள்களை எடுத்துப் பரீக்ஷைக்காரர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ கழித்து, அதே தாள்களை அவர்களில் 14 பேரிடம் மறுபடியும் திருத்தக் கொடுத்தார்கள். ஆகமொத்தம் 210 தீர்ப்புகள். இவற்றில் 92-ல், தேறினான் தேறவில்லை என்கின்ற முடிவோ, சிறப்பாகத் தேறினான் என்கின்ற முடிவோ, முதல் தரம் சொன்னதற்கு மாறாக வந்தது. ஒருவர் சொன்னதற்கு வேறொருவர் மாறிச் சொன்னதல்ல. அதே ஆசாமி, தான் சொன்னதற்குத் தானே மாறிச் சொன்னது! இந்தத் தராசில் ஒரு மார்க்கு குறைந்ததற்காகத்தான் நம் பிள்ளைகள் தூக்கு மாட்டிக் கொள்ளுகின்றார்கள்.

பரீக்ஷை அதிர்ஷ்டச் சீட்டு மாதிரி இருக்கின்றபடியால்தான், செட்டிப்புண்ணியத்திலும் திருவஹீந்திரபுரத்திலும் ஹயக்ரீவர் என்கின்ற குதிரை முகச் சாமியின் காலடியில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்து எடுத்துக் கொண்டு போகின்ற கூட்டம் வருஷா வருஷம் குறையாமலிருக்கின்றது. பௌதிகமும் ரசாயனமும் படிக்கின்ற பிள்ளைகள்தான் போகின்றார்கள். அவர்களை மாத்திரம் திட்டிப் பிரயோஜனமில்லை. எந்தக் கேள்வி வரும், எந்த ஆசாமி திருத்துவான், அன்றைக்கு அவனுக்குத் தலைவலியா இல்லையா என்பது யாருக்கும் தெரியாத இடத்தில்தான் சாமி குடியேறுகின்றது. 2020-ல் கொரோனா நோய்க் காலத்தில், அரியர் வைத்திருந்தவர்கள் பணம் கட்டியிருந்தால் பரீக்ஷை எழுதாமலே தேறியதாக வைத்துக் கொள்ளலாம் என்று சர்க்கார் அறிவித்தபோது, மாணவர்கள் சுவரொட்டி ஒட்டி முதல்மந்திரியை வாழ்த்தினார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கின்றது? பரீக்ஷை எழுதாமல் போனதால் தங்களுக்கு ஓர் அறிவு குறைந்து போனதாக அவர்களில் ஒருவருக்காவது தோன்றியிருந்தால், ஒருவராவது துக்கப்பட்டிருக்க மாட்டாரா?

"அப்படியானால் பரீக்ஷையே வேண்டாம், வாத்தியாரே மார்க்குப் போடட்டும் என்கிறீர்களா?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். இந்த இடத்தில்தான் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பரீக்ஷை முறை எவ்வளவு கேடுள்ளதாயிருந்தாலும், அதில் ஒரு நன்மை இருந்தது. தாளின்மேல் இருப்பது நம்பர், பெயர் இல்லை. இதை எழுதியவன் அக்கிரகாரத்தானா, சேரிக்காரனா என்று திருத்துகின்றவனுக்குத் தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு வாசனை மறுக்கப்பட்ட நம் ஜனங்கள் இன்று உத்தியோகங்களில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதற்கு, வகுப்புவாரி உரிமையோடுகூட இந்தப் பெயரில்லாத தாளும் ஒரு காரணமாகும். இதை எடுத்துவிட்டு முழு மார்க்கையும் வாத்தியார் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? டெல்லியில் உள்ள எய்ம்ஸ் என்னும் பெரிய வைத்தியக் காலேஜில் தாழ்த்தப்பட்ட மாணவர்களும் பழங்குடி மாணவர்களும் நடத்தப்படுகின்ற விதத்தை விசாரித்த தோரட் கமிட்டி, 2007-ல் தனது அறிக்கையைக் கொடுத்தது. பரீக்ஷையின்போது தங்கள் ஜாதியை நேராகவோ சுற்றி வளைத்தோ கேட்டார்கள் என்று மாணவர்கள் பலர் சொன்னது அதில் பதிவாகியிருக்கின்றது. நம் காலேஜுகளிலும் இன்டர்னல் மார்க்கு என்று நூற்றுக்கு 25-ஓ 40-ஓ வாத்தியார் கையில் இருக்கின்றது. அதைக் காட்டிப் பிள்ளைகளை வாய் திறவாமல் வைத்திருக்கின்ற சங்கதி படித்தவர்கள் யாருக்குத் தெரியாது? கேள்வி கேட்டால் மார்க்கு போய்விடும் என்று பயப்படுகின்ற வகுப்பில் பகுத்தறிவு எங்கிருந்து வளரும்?

ஆகவே, பரீக்ஷையை ஒழிப்பது என்று மொட்டையாகச் சொல்லுவது நமது கருத்தல்ல. மனிதன் கற்றுக் கொண்டதைச் சோதிக்கத்தான் வேண்டும். சோதிப்பதே கற்பிப்பதற்கு ஒரு நல்ல கருவி என்றுகூட இன்று நிரூபித்திருக்கின்றார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் 2006-ல் மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு சாராரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். மற்றொரு சாராரைப் படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். 5 நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்களே அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். அதாவது, உருப்போடுவது நாளைய பரீக்ஷைக்கு உதவும். அடிக்கடி சிறிய அளவில் சோதித்துக் கொள்ளுவது வாழ்க்கைக்கு உதவும். கருவி கெட்டதல்ல. அதைக் கற்பதற்குப் பயன்படுத்தாமல் வாசற்படியில் நின்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குப் பயன்படுத்தினதுதான் கேடு.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, நடந்து பார்த்த காரியம் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். இங்கிலாந்தில் ராக்டேல் என்று ஓர் ஊர் இருக்கின்றது. பருத்தி மில் தொழிலாளிகளின் ஊர். 1844-ல் அந்த ஊர் நெசவாளிகளும் மற்றத் தொழிலாளிகளும் சேர்ந்து ஆரம்பித்த கடைதான் இன்று உலகமெங்கும் உள்ள கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கெல்லாம் மாதிரியாகும். நம் திருவல்லிக்கேணிப் பண்டகசாலை 1904-ல் ஏற்பட்டதும் அதைப் பார்த்துத்தான். அந்த ராக்டேல் கடைக்காரர்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைப் படிப்புக்கென்று ஒதுக்கி வாசகசாலை நடத்தினார்கள். வயிற்றுக்கு அரிசி வாங்குகின்ற கடையிலேயே புத்திக்கும் பங்கு வைத்த மனிதர்கள்!

அந்த ஊரில், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் முயற்சியால் 1908 ஜனவரியில் ஒரு வகுப்பு ஆரம்பமாயிற்று. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலிருந்து டானி என்ற இளம் உபாத்தியாயர் வந்தார். வெள்ளிக்கிழமை மாலை லாங்டன் என்கின்ற பீங்கான் தொழிலாளர் ஊரில் ஒரு வகுப்பு. சனிக்கிழமை ராக்டேலில் ஒரு வகுப்பு. ஏற்பாடு என்னவென்றால், தொழிலாளிகளே தங்களுக்கு வேண்டிய பாடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொள்ள வேண்டியது. வாரத்திற்கு 2 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் உபாத்தியாயர் பேச வேண்டியது, மற்ற ஒரு மணி நேரம் மாணவர்கள் அவரைக் கேள்வி கேட்டு மடக்க வேண்டியது. இரண்டு வாரத்திற்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியது. இப்படியே 3 வருஷம். முடிவில் பரீக்ஷையும் இல்லை, பட்டமும் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்று நம்முடைய ஆசாமிகள் கேட்பார்கள். வந்தார்கள். நாளெல்லாம் மில்லிலும் சூளையிலும் நின்று விட்டு, இங்கிலாந்தின் தொழிற் சரித்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அந்த மாதிரி வகுப்புகளில் எழுதிய கட்டுரைகளை ஆக்ஸ்போர்டு பெய்லியல் காலேஜைச் சேர்ந்த ஏ. எல். ஸ்மித் என்ற சரித்திர ஆசிரியர் வாங்கிப் பார்த்தார். நூற்றுக்கு 25 கட்டுரைகள், தமது சர்வகலாசாலையில் முதல் வகுப்பில் தேறுகின்ற பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் எழுத்துக்குச் சமமாக இருப்பதாக அவர் அபிப்பிராயம் கொடுத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உபாத்தியாயரும் படித்தார். டானி 1912-ல் வெளியிட்ட தமது முதல் பெரிய புத்தகத்தின் முகவுரையில், புத்தகங்களில் கிடைக்காத விஷயங்களைத் தமக்குக் கற்பித்தவர்கள் நெசவாளிகளும் குயவர்களும் சுரங்கத் தொழிலாளிகளும் இயந்திரத் தொழிலாளிகளுமே என்று நன்றியோடு எழுதினார். நோட்டைப் பார்த்து வாத்தியார் வாசிப்பதும் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக் கொள்ளுவதுமாக நடக்கின்ற நம்முடைய வகுப்புகளில், வாத்தியாருக்கு யார் என்ன கற்பிக்க முடியும்? குரு வாக்கியத்தை மறுத்துப் பேசுவது பாவம் என்ற புத்தி, கோட்டுப் போட்டுக் கொண்டு காலேஜுக்குள் நுழைந்துவிட்டது.

அதே ஸ்மித் தலைமையில் சீமைச் சர்க்கார் அமைத்த கமிட்டி 1919-ல் அறிக்கை கொடுத்தது. வயது வந்தவர்களின் கல்வி என்பது ஒரு சிலருக்கான ஆடம்பரமல்ல, தேசத்திற்கு நிரந்தரத் தேவை என்றும், அது எல்லோருக்கும் வாழ்நாள் முழுவதும் கிடைக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொல்லிற்று. "வாழ்நாள் கல்வி" என்று இன்று நம் சர்வகலாசாலைகளில் போர்டு எழுதி மாட்டியிருக்கின்றார்களே, அது நேற்று முளைத்த வார்த்தை அல்ல. நூறு வருஷத்துக் கடன்.

அந்தக் கடனை அங்கே ஓரளவு தீர்த்து வைத்தவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். ஜென்னி லீ என்ற அந்த அம்மையார் மந்திரியாக இருந்து, பெரிய மனிதர்கள் கேலி செய்ததைப் பொருட்படுத்தாமல், திறந்தவெளிச் சர்வகலாசாலையை நிலைநாட்டினார். 1969-ல் அதற்குச் சாசனம் கிடைத்தது. 1971-ல் பாடம் ஆரம்பமாயிற்று. முன்பு எந்தப் பரீக்ஷையும் தேறியிருக்க வேண்டியதில்லை. வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஒரு பாடத்தை முடித்து, சில காலம் நிறுத்தி, மறுபடி வரலாம். வருஷம் முழுவதும் எழுதி அனுப்புகின்ற கட்டுரைகளுக்கும் முடிவில் நடக்கும் பரீக்ஷைக்கும் சேர்த்து மதிப்பு. கட்டுரையைத் திருத்துகின்ற உபாத்தியாயர் மார்க்கு மாத்திரம் போட்டால் போதாது. எங்கே தவறு, ஏன் தவறு, எப்படித் திருத்துவது என்று எழுதி மாணவருக்குத் திருப்பியனுப்ப வேண்டும். அவர் திருத்தியதில் சிலவற்றை மேலே உள்ளவர் எடுத்துப் பார்த்து, திருத்தினவர் ஒழுங்காகத் திருத்தினாரா என்று சோதிப்பார். அதாவது, பரீக்ஷைக்காரனுக்கும் பரீக்ஷை! ஆனாலும், அங்கேயும் 2012 முதல் சம்பளத்தைக் கண்டபடி உயர்த்திக் கடன் வாங்கிப் படி என்று சொன்னதும், வேலை பார்த்துக் கொண்டு படிக்க வருகின்றவர்களின் தொகை பெருமளவு குறைந்துவிட்டது. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படியை உயர்த்தினாலும் ஒன்றுதான், கதவைச் சாத்தினாலும் ஒன்றுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கேயும் தபால் மூலம் படிப்பு 1962-ல் டெல்லியில் ஆரம்பித்தது. இந்திரா காந்தி திறந்தநிலைச் சர்வகலாசாலை 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 2002-லும் வந்தன. பெயருக்குக் குறைவில்லை. ஆனால் தபால் படிப்பு என்பது பல சர்வகலாசாலைகளுக்கு வருமானம் தருகின்ற கடையாகப் போய்விட்டது. பணத்தைக் கட்டினால் ஒரு கட்டுப் புத்தகம் வருகின்றது. பிறகு அதே 3 மணி நேரப் பரீக்ஷை. எழுதியதைத் திருப்பியனுப்பி, "ஐயா, இந்த இடத்தில் உங்கள் வாதம் நொண்டுகின்றது" என்று சொல்ல ஒரு மனிதர் இல்லை. பள்ளிக்கூடப் படிப்பை முடிக்காதவர்களும் சேரலாம் என்று சேர்த்துக் கொண்டு, பணம் வாங்கிப் பட்டமும் கொடுத்தார்கள். 2009-ல் என்ன நடந்தது? பத்தாவதும் பன்னிரண்டாவதும் முறையாகத் தேறாமல் திறந்தநிலை முறையில் வாங்கிய பட்டம் சர்க்கார் உத்தியோகத்திற்குச் செல்லாது என்று தமிழ்நாட்டுச் சர்க்கார் உத்தரவு போட்டது. அடிப்படைப் பட்டமில்லாமல் வாங்கிய மேல்பட்டம் செல்லாது என்று அதே வருஷம் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு கை பணத்தை வாங்கிக் கொண்டு கதவைத் திறந்தது. மறு கை உள்ளே வந்தவனின் காகிதத்தைக் கிழித்தது. அவன் கற்றுக் கொண்டது உண்மையா இல்லையா என்று சோதித்துப் பார்த்து மறுத்திருந்தால் நமக்கு ஆட்சேபணை இல்லை. அவனுக்கு என்ன தெரியும் என்பதை விட்டுவிட்டு, எந்தப் படியில் ஏறி வந்தாய் என்று கேட்டார்கள். பிறப்பைக் கேட்கின்ற புத்திக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இப்பொழுது புதிதாக, படித்த பாடங்களின் மதிப்பைப் பாங்கியில் போட்டு வைப்பது போல் சேமித்து வைக்கலாம் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2021-ல் விதி செய்திருக்கின்றது. ஒரு வருஷம் படித்து நின்றுவிட்டால் ஒரு சர்ட்டிபிகேட், இரண்டு வருஷத்தில் நின்றால் ஒரு டிப்ளமோ என்று புதிய கல்விக் கொள்கையும் சொல்லுகின்றது. நினைத்தபோது நிறுத்திவிட்டு நினைத்தபோது திரும்பி வரலாம் என்கின்ற தத்துவம் நல்லதுதான். ஆனால் வெளியே போவதற்கு வருஷத்திற்கு ஒரு வாசல் வைத்தவர்கள், திரும்பி வருவதற்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்? சேமித்த மதிப்பு சாதாரணமாக 7 வருஷத்திற்குத்தான் செல்லுபடியாகுமாம். 19 வயதில் இரண்டாம் வருஷத்தில் இருக்கும்போது ஒரு பெண்ணைக் கலியாணம் செய்து கொடுத்துவிடுகின்றார்கள். இரண்டு பிள்ளை பெற்று, அவற்றைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகு, அவளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கின்றபோது வயது 30 ஆகிவிடுகின்றது. அவள் பாங்கிக்குப் போனால் கணக்குக் காலாவதியாகிவிட்டது என்பார்கள்! யாருக்காக இந்த ஏற்பாடு மிகவும் தேவையோ, அவளைக் கணக்கில் சேர்க்காமலேயே இந்தக் கணக்கைப் போட்டிருக்கின்றார்கள். இந்த நிலையில் ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த வாசல்கள் வெளியேறுவதற்கு மாத்திரமே பயன்படும் என்று நாம் சந்தேகிப்பதில் தவறென்ன?

ஆகவே நாம் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். ஒருவர் கற்ற பாடத்தின் மதிப்பு அவர் உயிரோடிருக்கும் வரை செல்ல வேண்டும். பாடம் பழசாகிவிட்டது என்றால், புதிதாக வந்த பகுதியை மாத்திரம் படித்து ஈடு செய்துகொள்ளச் சொல்லட்டும். பரீக்ஷையின் பாரத்தை ஒரே நாளில் கொண்டு வந்து தலையில் வைக்காமல், வருஷம் முழுவதும் எழுதுகின்ற கட்டுரை, செய்கின்ற சோதனை, கேட்கின்ற கேள்வி ஆகியவற்றில் பிரித்து வைக்க வேண்டும். அப்படி எழுதியதைப் பாடம் சொன்னவரே தீர்ப்புச் சொல்லக் கூடாது. பெயரை மறைத்து, வேறு காலேஜைச் சேர்ந்த இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். காரணம் எழுதாமல் மார்க்கு போடக் கூடாது. திருத்திய தாளைப் பார்க்க மாணவனுக்கு உரிமை உண்டு என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. மனுப் போட்டுப் பணம் கட்டி வாங்கிப் பார்க்கின்ற உரிமையாக அதை வைத்திருப்பது எதற்கு? திருத்திய ஒவ்வொரு தாளும் தானாகவே மாணவன் கைக்கு வந்துவிட வேண்டும். தன் தவறைப் பார்க்காதவன் எதைக் கற்றுக் கொள்ளுவான்?

இதற்கு ஓர் ஆட்சேபணை வரும். கேட்டவுடன் கட்டுரை எழுதித் தருகின்ற யந்திரம் இப்பொழுது எல்லோர் கையிலும் வந்துவிட்டதே, வீட்டில் எழுதிக் கொண்டு வருவதை எப்படி நம்புவது என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் ராக்டேலில் இரண்டாவது மணி நேரம் வைத்தார்கள். எழுதியவரை உட்கார வைத்து, "இதை ஏன் இப்படிச் சொன்னீர், இதற்கு மாறாக இன்னார் சொல்லுகின்றாரே, அதற்கு என்ன பதில்?" என்று கேட்டால், யந்திரம் எழுதினதா மனிதர் எழுதினதா என்பது கால்மணி நேரத்தில் வெளியாகிவிடும். அந்தக் கால்மணி நேரத்திலும் ஜாதி புகுந்துவிடாமலிருக்க, இரண்டு பேர் முன்னிலையில் கேட்டு, பேச்சைப் பதிவு செய்து வைக்கட்டும். பதிவு செய்கின்ற கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கின்றது. சிலவு அதிகமாகும் என்பதும் உண்மையே. இத்தனை பேருக்கு இப்படிச் செய்ய வேண்டுமானால் இன்னும் எத்தனையோ உபாத்தியாயர்கள் வேண்டும். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் வைத்து, கௌரவமும் கொடுக்காமல் போதுமான சம்பளமும் கொடுக்காமல் ஆயிரக்கணக்கான படித்தவர்களைக் காக்க வைத்திருக்கின்ற சர்க்கார், ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

கட்டடத்திற்கும் பஞ்சமில்லை. ஜில்லா தோறும் சர்க்கார் காலேஜ் இருக்கின்றது. சாயந்திரமானதும் பூட்டிவிடுகின்றார்கள். ஜனங்களுடைய வரிப் பணத்தில் கட்டிய கட்டடம், வரி கொடுக்கின்ற ஜனங்கள் வேலை முடிந்து வருகின்ற நேரத்தில் பூட்டிக் கிடக்கின்றது. மாலை 6 மணி முதல் 8 மணி வரை அதில் விளக்கு எரிய வேண்டும். மின்சாரத் தொழிலாளி, பஸ் டிரைவர், நர்ஸம்மா, ரேஷன் கடைக்காரர், நூறு நாள் வேலைக்குப் போய் வந்த அம்மையார் யாராயிருந்தாலும், சட்டமோ சரித்திரமோ உடற்கூறோ கணக்கோ தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கொண்டு உட்கார உரிமை வேண்டும். முதலில் பட்டத்திற்கு வராவிட்டாலும் பாடத்திற்கு வரட்டும். பிறகு விரும்பினால் அதே பாடம் பட்டத்தில் கணக்காகட்டும்.

சர்க்கார் செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டுமென்பதில்லை. நம் தோழர்கள் ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்திருக்கின்றார்கள். அவற்றில் பல காலையில் பத்திரிகை படிப்பதோடு சரி. பக்கத்துக் காலேஜில் உள்ள ஓர் உபாத்தியாயரைக் கூப்பிட்டு, 20 பேர் சேர்ந்து, ஒரே விஷயத்தை 24 வாரம் விடாமல் படிப்பது என்று வைத்துக் கொள்ளட்டும். ஒரு மணி நேரம் அவர் பேசட்டும். ஒரு மணி நேரம் நம்மவர்கள் கேட்கட்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, தெரிந்தவர்கள் எழுதிக் கொள்ளட்டும். அடுத்த கல்வி வருஷம் ஆரம்பமாகும் ஜூன் மாதத்திற்குள் எந்த எந்த ஊரில் இதற்கு ஆள் சேருகின்றார்கள், எந்த விஷயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், காலேஜ் அதிகாரிகள் ஓர் அறையைத் திறந்துவிடச் சம்மதித்தார்களா மறுத்தார்களா என்று எழுதினால், மறுத்தவர்கள் சொன்ன காரணத்தையும் சேர்த்து இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.